1979ல ஒரே நாள்ல பதிஞ்ச 5 பாட்டு, 2018ல 'புது' ரெக்கார்டா வந்தது எப்படி? பௌஹவுஸ் 'த பேலா செஷன்' விளக்கம்

2018 நவம்பர் 23ஆம் தேதி பௌஹவுஸ் பேண்ட் பேர்ல 'த பேலா செஷன்'னு ஒரு சின்ன ரெக்கார்ட் வந்துச்சு. மொத்தமே 5 பாட்டுதான். அதுல ஒண்ணு, கோத் ராக்னு (இருட்டு, பேய்ப் பட சாயல்ல இருக்கிற ராக் இசை) சொன்னதும் முதல்ல ஞாபகம் வர்ற 'பேலா லுகோசிஸ் டெட்', டிராகுலாவா நடிச்ச பேலா லுகோசி செத்துட்டாருன்னு அர்த்தம். இப்பவும் ஸ்ட்ரீமிங் ஆப்ல இதைப் பாக்குறவங்க நிறைய பேர் குழம்புறாங்க, இது 1979லயே வந்த பாட்டுதானே, அப்புறம் ஏன் 2018னு போட்டிருக்கு, இது சிங்கிளா ஆல்பமா, மத்த 4 பாட்டும் புதுசா பண்ணதா, அதெல்லாம் ஏன் கோத் மாதிரியே இல்லன்னு. நாலும் நல்ல கேள்வி. அதுலயும் கடைசி கேள்விதான் ரொம்ப முக்கியம், அதுக்குப் பதில் சொல்லணும்னா முதல்ல அடிப்படையில இருந்து வரணும்.

சிங்கிள், ஈ.பி, எல்.பி: எது எது?

1. எல்.பி: 12 இன்ச் தட்டு, நிமிஷத்துக்கு 33⅓ சுத்து. 1948ல கொலம்பியா கம்பெனி கொண்டு வந்தது. ஒரு பக்கத்துக்கு 20 நிமிஷத்துக்கு மேல பிடிக்கும், அதனால முழு ஆல்பம் இதுலதான்.

2. சிங்கிள்: 7 இன்ச் தட்டு, நிமிஷத்துக்கு 45 சுத்து. 1949ல ஆர்.சி.ஏ கம்பெனி போட்டிக்கு இறக்குனது. முன்பக்கம் ஒரு பாட்டு, பின்பக்கம் ஒரு பாட்டு, பின்பக்கத்தைத்தான் பி சைடுன்னு சொல்றது.

3. ஈ.பி: அதே சின்னத் தட்டுல ரெண்டுக்குப் பதிலா நாலு பாட்டு வரைக்கும் ஏத்துறது. நம்ம ஊர்ல ரேடியோ கடைக்காரங்க, மைக் செட்காரங்க வச்சிருந்த சினிமா பாட்டு ரெக்கார்டுல நிறைய இந்த ஈ.பிதான், படத்துல இருந்து நாலு பாட்டு, ஹெச்.எம்.வி நாய் படம்.

4. 12 இன்ச் சிங்கிள்: எல்.பி சைஸ்ல தட்டு, ஆனா அதுல சிங்கிள் மாதிரி ஒண்ணு ரெண்டு பாட்டுதான் இருக்கும். 1970கள் நடுவுல நியூயார்க் டிஸ்கோ ஆளுங்க கிட்ட இருந்து வந்த வடிவம். கதையில பெரிய வேலை இதுக்குத்தான்.

இன்னைக்கு டிஜிட்டல் காலத்துல ஈ.பிங்கிறது வெறும் கணக்கு. ஆப்பிள் கணக்குப்படி 4ல இருந்து 6 பாட்டு, மொத்தம் 30 நிமிஷத்துக்குள்ள இருந்தா ஈ.பி. அதனால 5 பாட்டு இருக்கிற 'த பேலா செஷன்' சிங்கிளும் இல்ல, ஆல்பமும் இல்ல, ஈ.பிதான். ஒண்ணு முதல் மூணு பாட்டுக்குள்ள இருந்தாலும் அதுல ஒரு பாட்டு 10 நிமிஷத்தைத் தொட்டுட்டா அதுவும் ஈ.பிதான். 'பேலா லுகோசிஸ் டெட்' 9 நிமிஷம் 36 செகண்ட். இன்னும் 24 செகண்ட் இழுத்திருந்தாங்கன்னா தனியா அந்த ஒரு பாட்டே ஈ.பி ஆகியிருக்கும், இழுக்குறது அவங்களுக்கு ஒண்ணும் கஷ்டமும் இல்ல.

யார் இந்தப் பௌஹவுஸ்?

இங்கிலாந்துல லண்டனுக்கு வடக்க நார்தாம்ப்டன்னு ஒரு ஊரு, ஷூ தயாரிப்புக்குப் பேர் போனது. 1978 கடைசியில அங்க சேர்ந்த 4 பேர்: பாடுறது பீட்டர் மர்ஃபி, கிட்டார் டேனியல் ஆஷ், பேஸ் கிட்டார் டேவிட் ஜே, டிரம்ஸ் கெவின் ஹாஸ்கின்ஸ். கடைசி ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. மர்ஃபி அதுக்கு முன்னாடி பிரிண்டிங் ஃபேக்டரியில வேலை பாத்தவர், மேடை அனுபவம்னு எதுவும் கிடையாது, ஆளு பாக்க நல்லா இருக்காரு, பாடுவாருன்னு ஆஷ் இழுத்துட்டு வந்தவர்.

பேரு ஜெர்மனியில 1919ல வைமர் நகரத்துல வால்டர் குரோபியஸ் ஆரம்பிச்ச கலை, கட்டிடக்கலைப் பள்ளியோட பேரு. முதல்ல 'பௌஹவுஸ் 1919'னே வச்சிருந்தாங்க, அப்புறம் வருஷத்தைக் கழட்டி விட்டாங்க. கோடுகளால ஆன அந்த முகச் சின்னமும் பள்ளிக்கூடத்தோடதுதான், ஆஸ்கர் ஷ்லெம்மர் வரைஞ்சது. பேய், வாம்பயர், சுடுகாடு எதுக்கும் சம்பந்தமே இல்லாத, சுத்தமான கோடும் கட்டமுமா இருக்கிற ஒரு டிசைன் பள்ளியோட பேரை வச்ச பேண்ட் கோத் இசைக்கு முன்னோடி ஆயிடுச்சு.

இவங்க வந்தது போஸ்ட் பங்க் காலத்துல. போஸ்ட் பங்க்னு சொல்றது என்னன்னா, 1976, 77ல பங்க் வந்து எல்லாத்தையும் வேகமா, சத்தமா, மூணு நிமிஷத்துக்குள்ள அடிச்சு முடிச்சதுக்கு அப்புறம், அதே ஆளுங்களும் அவங்களைப் பாத்து வந்தவங்களும் சரி அடுத்து என்னன்னு ஜமைக்காவோட ரெகே, டிஸ்கோ, சினிமா, ஓவியம்னு எல்லாத்தையும் உள்ள இழுத்துப் பண்ண இசை. பங்கோட துணிச்சல் இருக்கும், ஆனா வேகம் கட்டாயம் கிடையாது.

1979 ஜனவரி 26

பேண்ட் சேர்ந்து ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் மேலதான் ஆகியிருந்துச்சு. முதல்ல இவங்க பண்ண காரியம் விவரமானதா விவரம் இல்லாததான்னு சொல்ல முடியல, வாசிக்கிறதை வீடியோ டேப்ல எடுத்து ரெக்கார்ட் கம்பெனிகளுக்கு அனுப்பினாங்க. அந்தக் காலத்துல முக்கால்வாசி கம்பெனி ஆபீஸ்ல வீடியோ போட்டுப் பாக்குற மெஷினே கிடையாது. சரி ஆடியோவே பதிவு பண்ணுவோம்னு பக்கத்து ஊரான வெல்லிங்பரோவுல இருந்த பெக் ஸ்டுடியோவுக்குப் போனாங்க. இன்ஜினியர் டெரெக் டாம்ப்கின்ஸ்.

ஒரே நாள்ல 5 பாட்டு பதிவாச்சு: 'பேலா லுகோசிஸ் டெட்', 'சம் ஃபேசஸ்', 'பைட் மை ஹிப்', 'ஹாரி', 'பாய்ஸ்'. பேலா பாட்டு ஒரே டேக், அதாவது ஒரே தடவை வாசிச்சு பதிஞ்சது. 9 நிமிஷத்துக்கு மேல, வெட்டாம ஒட்டாம, அன்னைக்கு வாசிச்சது வாசிச்சபடி. 2018ல 'த பேலா செஷன்'னு வந்தது இந்த ஒரு நாள் டேப்தான், அதனால 'புதுப் பாட்டா'ங்கிற கேள்விக்குப் பதில் இல்லைங்கிறதுதான். எல்லாம் 1979ல பதிஞ்சது, சிலது மட்டும் முதல்முறையா வெளிய வந்துச்சு.

9 நிமிஷம் 36 செகண்ட்: ஏன் 12 இன்ச் தட்டு வேண்டி இருந்துச்சு?

பெரிய கம்பெனிங்க யாரும் எடுக்கல. கடைசியில எடுத்தது கிழக்கு லண்டன் வால்தம்ஸ்டோவுல பீட் ஸ்டெனெட்னு ஒருத்தர் நடத்துன ஸ்மால் வொண்டர்ங்கிற ரெக்கார்ட் கடை. கடையில இருந்தே ரெக்கார்ட் வெளியிடுற லேபிளும் நடத்துனாரு. 1978 டிசம்பர்ல த க்யூர் பேண்டோட முதல் சிங்கிளும் இங்கதான் வந்துச்சு.

இங்கதான் ஒரு டெக்னிக்கல் சிக்கல். ரெக்கார்ட்ல சத்தம்ங்கிறது ஒரு பள்ளமான கோடு, வெளிய இருந்து உள்ள நோக்கி சுருளாப் போகுது. பேஸ் சத்தம் ஜாஸ்தி இருந்தா, சத்தமா இருந்தா, அந்தக் கோடு அகலமா ஆடும், இடம் ஜாஸ்தி வேணும். கணக்கு போட்டுப் பாப்போம்:

1. 9 நிமிஷம் 36 செகண்ட்னா 576 செகண்ட். நிமிஷத்துக்கு 45 சுத்துன்னா மொத்தம் 432 சுத்து.

2. 7 இன்ச் தட்டுல கோடு வெட்டறதுக்குக் கிடைக்கிற அகலம் சுமார் 30 மில்லிமீட்டர். 432 சுத்தை அதுல அடக்கணும்னா ஒரு சுத்துக்கு 0.07 மில்லிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டருக்குள்ள 14 கோடு. சத்தத்தைக் குறைச்சு, பேஸைக் குறைச்சாத்தான் இது முடியும்.

3. 12 இன்ச் தட்டுல சுமார் 86 மில்லிமீட்டர் கிடைக்குது. ஒரு சுத்துக்கு 0.2 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட மூணு மடங்கு. பேஸ் தாராளமா ஆடலாம்.

நீளமான பாட்டு 7 இன்ச்ல வந்ததே இல்லைன்னு சொல்லல, 1968ல பீட்டில்ஸோட 'ஹே ஜூட்' 7 நிமிஷத்துக்கு மேல ஓடுனது சின்னத் தட்டுலதான் வந்துச்சு. ஆனா பேலா பாட்டுல பேஸ் கிட்டாரை எடுத்துட்டா மிச்சம் எதுவும் இல்ல, அதைக் குறைச்சா பாட்டையே கொன்ன மாதிரி. இன்னொரு வழி பாட்டைப் பாதியா வெட்டி ரெண்டு பக்கமும் போடுறது, அதுவும் ஒரே டேக் பாட்டுக்குக் கேடு. ஆக 12 இன்ச்ங்கிறது ஸ்டைலுக்காகன்னு நினைக்கிறவங்களுக்கு, இது பாட்டு கேட்ட வடிவம்.

1979 ஆகஸ்ட் 6ஆம் தேதி வெளியாச்சு. முதல் 5000 தட்டு வெள்ளை வினைல். அட்டைப்படத்துல பேலா லுகோசி இல்ல, டிராகுலாவும் இல்ல. 1926ல டி.டபிள்யூ. கிரிஃபித் எடுத்த ஒரு மௌனப் படத்தோட ஸ்டில், பேரு 'த சாரோஸ் ஆஃப் சேட்டன்'. இருட்டு, இறக்கை நிழல், அவ்வளவுதான். பின்னாடி வந்த எத்தனையோ கோத் அட்டைப்படத்துக்கு இது அச்சு மாதிரி ஆயிடுச்சு.

பாட்டுக்குள்ள என்ன நடக்குது?

பேலா லுகோசிங்கிறவர் 1882ல ஹங்கேரியில பிறந்த நடிகர், 1931ல டாட் பிரவுனிங் எடுத்த 'டிராகுலா' படத்துல நடிச்சு உலகப் புகழ் ஆனவர். 1956ல இறந்தப்போ அவரை டிராகுலா அங்கியோடயே புதைச்சாங்க. பாட்டோட வரிகளை எழுதினது பேஸ் வாசிக்கிற டேவிட் ஜே. வௌவால், மணிக்கூண்டு, கருப்பு அங்கி எல்லாம் வருது, ஆனா அங்கியை ஸ்டாண்டுல திருப்பி மாட்டியாச்சுங்கிற மாதிரி ஒரு வரியும் வருது, அதாவது இது ஒரு நடிகனோட டிரஸ்ஸு. நடிச்சவர் செத்துட்டாரு, அந்த வேஷம் மட்டும் சாகலன்னு ஒரு நக்கல் உள்ள ஓடுது. ரொம்ப சீரியஸா பாடுறதால கேக்குறவங்களுக்கு நக்கல் தெரியறதில்ல, மர்ஃபியோட குரல் அப்படி.

இசைக்கு வருவோம். முதல்ல டிரம் விளிம்புல குச்சி படுற 'டக் டக்' சத்தம், அது எக்கோ மெஷின் வழியா போய் சிதறித் திரும்பி வருது. தாளம் பாசா நோவா வகை, பிரேசில் நாட்டு மென்மையான தாளம். அப்புறம் பேஸ், படி இறங்குற மாதிரி ஒவ்வொண்ணா கீழ போகுது. கிட்டார் ராகமே வாசிக்கல, கீறல், உரசல், திடீர்னு ஒரு பளீர். குரல் உள்ள வர்றதுக்கே கிட்டத்தட்ட 3 நிமிஷம் ஆகுது. அந்த நேரத்துக்குள்ள ஒரு பங்க் பாட்டு ஆரம்பிச்சு முடிஞ்சே போயிருக்கும்.

இந்த முறை எங்க இருந்து வந்துச்சுன்னா ஜமைக்காவுல இருந்து. டப்ங்கிற வடிவம் அது. கிங்ஸ்டன்ல கிங் டப்பி, லீ பெர்ரி மாதிரி ஆளுங்க 1970கள்ல ரெகே பாட்டை எடுத்து, குரலைக் கழட்டி, டிரம்ஸும் பேஸும் மட்டும் வச்சு, மிக்ஸிங் போர்டுல எக்கோவை ஏத்தி இறக்கி வெறும் இடைவெளியை வச்சே இசை பண்ணாங்க. லண்டன்ல 1977ல ராக்ஸி கிளப்ல டான் லெட்ஸ்னு டி.ஜே, போடறதுக்குப் போதுமான பங்க் ரெக்கார்டே இன்னும் வரலன்னு ரெகேவும் டப்பும் போட்டாரு, வந்த பங்க் பசங்க அதைக் கேட்டு வளந்தாங்க. டேவிட் ஜேயும் பேலா பாட்டை நாங்க பண்ண டப்னுதான் பின்னாடி விளக்கினாரு. ஆக வெள்ளைக்கார வாம்பயர் பாட்டுன்னு நினைக்கிறோமே, அதோட எலும்புக்கூடு கரீபியன். இதை கோத் வரலாறு எழுதுறவங்க போதுமான அளவு சொல்றதில்லங்கிறது என் வருத்தம்.

மத்த 4 பாட்டும் எங்க போச்சு?

1. 'பாய்ஸ்': சிங்கிளோட பின்பக்கத்துல இருக்கு, ஆனா அது திரும்பப் பதிவு பண்ணது. ஜனவரி 26 வடிவம் 2018 வரைக்கும் வரல. பின்பக்கத்துல கூட இருந்த 'டார்க் என்ட்ரீஸ்' டெமோ (சோதனைப் பதிவு) இந்த செஷன்லயே சேராது.

2. 'ஹாரி': பிளாண்டி பேண்ட் பாடகி டெபி ஹாரியைப் பத்தினது, ரெகே சாயல்ல லேசா துள்ளும். 1982ல இவங்களோட இன்னொரு ஈ.பியில வந்துருச்சு.

3. 'பைட் மை ஹிப்': வேகமான ராக். இதையே பின்னாடி மாத்தி 1983ல 'லகார்டிஹா நிக்'னு சிங்கிளா விட்டாங்க. முதல் வடிவம் டேப்லயே கிடந்துச்சு.

4. 'சம் ஃபேசஸ்': நேரான ராக் பாட்டு, எந்த பேண்டும் பண்ணிருக்கலாம். எங்கயும் வரல. ஏன் வரலன்னு பாட்டைக் கேட்டாலே புரிஞ்சிடும்.

கணக்குப்படி 'பாய்ஸ்' முதல் வடிவம், 'பைட் மை ஹிப்', 'சம் ஃபேசஸ்' இந்த மூணும்தான் 2018ல முதல்முறையா வந்தது.

அப்போ கோத் எங்க இருக்கு?

இப்போ அந்தக் கடைசி கேள்விக்கு வருவோம். 5 பாட்டையும் வரிசையாக் கேட்டா தெரியற விஷயம், ஜனவரி 26 அன்னைக்கு அந்த ஸ்டுடியோவுக்குள்ள போன பேண்ட் கோத் பேண்டே இல்ல. அரை கிளாம் ராக் (பளபள டிரஸ், மேக்கப்போட பண்ற 1970கள் ராக்), கொஞ்சம் ரெகே, கொஞ்சம் பங்க், கூட ஒரு நீளமான விசித்திரமான பாட்டு. அந்த அஞ்சுல எதை முன்பக்கத்துல போடுறதுங்கிற முடிவுலதான் எல்லாம் மாறிச்சு. 'சம் ஃபேசஸ்' முன்பக்கம் போயிருந்தா ரெண்டு வாரம் கடையில இருந்துட்டுக் காணாமப் போன நூறு பங்க் சிங்கிள்ல ஒண்ணு ஆகியிருக்கும்னு நினைக்கிறேன்.

பேலா பாட்டு முன்பக்கம் போனதால நடந்தது இது. பி.பி.சி ரேடியோவுல டி.ஜே ஜான் பீல் போட்டாரு. பிரிட்டன் மெயின் சார்ட்டுக்குள்ள (விற்பனை தரவரிசை) பாட்டு நுழையவே இல்ல, ஆனா 1980 ஜனவரியில இண்டிபென்டென்ட் சார்ட்னு ஒண்ணு புதுசா ஆரம்பிச்சாங்க, பெரிய கம்பெனி விநியோகத்துல போகாத ரெக்கார்டுக்கு மட்டும், அதுல இது ரெண்டு வருஷத்துக்கு மேல உக்காந்திருந்துச்சு. வேகமா மேல போய் விழுற ஹிட் இல்ல, மாசாமாசம் யாராவது புதுசா வந்து கேட்டு வாங்கிட்டுப் போற ரெக்கார்ட்.

அதே நேரத்துல மத்தவங்களும் இருந்தாங்க, அதை மறைக்கக் கூடாது. சூசி அண்ட் த பான்ஷீஸ் பேண்ட் அதுக்கு முன்னாடியே இருண்ட இசை பண்ணிட்டு இருந்தாங்க, ஜாய் டிவிஷன் பேண்டோட இசையை 1979லயே அவங்க லேபிளை நடத்துன டோனி வில்சன் 'கோதிக்'னு சொன்னாரு. பௌஹவுஸ் தனியா கண்டுபிடிச்சதுன்னு சொன்னா அது ரசிகர் மன்றப் பேச்சு. ஆனா டிரஸ், மேக்கப், பழைய பேய்ப் படம், மெதுவான பேஸ், ஆழமான குரல் எல்லாம் ஒரே ரெக்கார்டுக்குள்ள ஒரு பேக்கேஜா கிடைச்சது இதுலதான். 1982 ஜூலையில லண்டன் சோஹோவுல பேட்கேவ் கிளப் திறந்தப்போ வந்தவங்களுக்கு வீட்டுப்பாடம் ரெடியா இருந்துச்சு. 1983ல டோனி ஸ்காட் எடுத்த 'த ஹங்கர்' வாம்பயர் படம் இந்தப் பாட்டோடயே ஆரம்பிக்குது, கம்பிக்குப் பின்னாடி மர்ஃபி பாட, கிளப்புக்குள்ள டேவிட் பௌவியும் கேத்தரின் டெனூவும் இரை தேடுறாங்க. அதுக்கு அப்புறம் இந்த பேண்டை வேற மாதிரி பாக்க யாராலயும் முடியல. அதே 1983 ஜூலையில பேண்டும் கலைஞ்சு போச்சு.

பேண்ட்காரங்க அந்த முத்திரையை ரொம்ப விரும்புனதும் இல்ல. அவங்க எடுத்ததுலயே பெரிய ஹிட்டு 1982ல டேவிட் பௌவியோட 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்' பாட்டைத் திரும்பப் பாடினது, பிரிட்டன்ல 15ஆவது இடம். மர்ஃபி இல்லாம மத்த மூணு பேரும் லவ் அண்ட் ராக்கெட்ஸ்னு ஆரம்பிச்சு 1989ல அமெரிக்க சார்ட்ல 3ஆவது இடம் வரைக்கும் போனாங்க, அது நல்ல கவர்ச்சியான பாப் பாட்டு. 'ஹாரி'யையும் 'பாய்ஸை'யும் இந்தச் சின்ன ரெக்கார்ட்ல கேட்டவங்களுக்கு அது ஆச்சரியமாவே இருக்காது, அந்தப் பக்கம் முதல் நாள்லயே இருந்திருக்கு.

2018ல ஏன் வெளியாச்சு?

பழைய டேப் திடீர்னு வெளிய வர்றதுக்கு சில நேரம் சட்டம் காரணமா இருக்கும். ஐரோப்பாவுல பதிவு பண்ணி 50 வருஷம் வெளியிடாம வச்சிருந்தா உரிமை போயிடும், அதனால 1960கள் டேப்புகளை சில கம்பெனிங்க அவசர அவசரமா இறக்குனாங்க. இங்க அந்த அவசரம் இல்ல, 1979க்கு இன்னும் நாள் இருந்துச்சு. காரணம் வேற: 40 வருஷ நிறைவு, 2018ல மர்ஃபியும் டேவிட் ஜேயும் பழைய பாட்டோட டூர் கிளம்பினது, வினைல் வியாபாரம் திரும்ப சூடு பிடிச்சிருந்தது. வெளியிட்டது லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கிற லீவிங் ரெக்கார்ட்ஸ், எலக்ட்ரானிக், பரிசோதனை இசைக்குப் பேர் போன சின்ன லேபிள். முதல் தடவையும் சின்ன லேபிள்தான், இப்பவும் சின்ன லேபிள்தான்.

வாங்கறவங்களுக்கும் கேக்கறவங்களுக்கும்

ரீமாஸ்டர்னு போட்டிருக்கே, பாட்டை மாத்திட்டாங்களான்னு பயப்பட வேண்டாம். ரீமிக்ஸ்னா டிரம்ஸ், குரல், கிட்டாரைத் தனித்தனியா எடுத்து அளவை மாத்தித் திரும்பக் கலக்குறது. ரீமாஸ்டர்னா கலந்து முடிச்ச டேப்பை அப்படியே வச்சு, மொத்த சத்தத்தோட சமநிலையை மட்டும் சரி பண்றது. இதுல நடந்தது ரெண்டாவது, பண்ணது சவுண்ட் இன்ஜினியர் மேண்டி பார்னெல்.

இன்னொரு குழப்பம், பேலா பாட்டோட ஸ்டுடியோ வடிவம் அவங்களோட முதல் ஆல்பமான 1980 'இன் த ஃப்ளாட் ஃபீல்ட்'ல கிடையாது. 1982ல வந்த லைவ் ஆல்பத்துல இருக்கறது மேடையில வாசிச்சது, வேற பாட்டு மாதிரியே இருக்கும். 9 நிமிஷம் 36 செகண்ட்னு நேரம் காட்டுனா அதுதான் 1979 டேக். யாராவது பழைய வெள்ளைத் தட்டுன்னு விலை சொன்னா உடனே பணம் எடுக்காதீங்க, முதல் 5000க்கு அப்புறமும் அதே லேபிள் கலர் கலரா திரும்பத் திரும்ப அச்சடிச்சிருக்கு, கலரை மட்டும் பாத்து முதல் அச்சுன்னு முடிவு பண்ண முடியாது.

கேக்கும்போது ஆப் காட்டுற வரிசையில பேலா பாட்டு முதல்ல வரும். அதைத் தாண்டிட்டு மத்த 4 பாட்டையும் முதல்ல கேட்டுட்டு, கடைசியா அதுக்கு வாங்க. ஹெட்ஃபோன் இல்லாம ஃபோன் ஸ்பீக்கர்ல மட்டும் கேக்காதீங்க, அதுல பேஸ் கேக்காது.